பிண்ணாக்கு போகும் வழி: தாவரப் புரத நெகிழி குறித்து ஒரு கருத்து

தாவரப் புரதத்திலிருந்து மக்கும் நெகிழி தயாரிப்பது பற்றி எழுதப்படும் ஆய்வேடுகளுக்கும் கட்டுரைகளுக்கும் ஏறத்தாழ ஒரே அச்சு உண்டு. முன்னுரையின் முதல் பத்தியில் கடலில் மிதக்கும் பாலிதீன் பை வரும். அடுத்துச் சோயா, நிலக்கடலை, கோதுமை என ஏதேனும் ஒரு புரதத்தின் பெயர் வரும். அதைக் கிளிசராலுடன் நீரில் கரைத்துத் தட்டில் ஊற்றி உலர்த்திய படலத்தின் இழுவலிமை, நீள்திறன், நீராவி ஊடுருவல் ஆகியவை அட்டவணைகளாகும். சில வாரங்கள் மண்ணில் புதைத்து எடுத்த படலத்தின் புகைப்படம் ஒன்று இடம்பெறும். முடிவுரையில், இப்படலம் பாலிஎத்திலீனுக்கு மாற்றாக அமையும் வாய்ப்புடையது என்ற வாக்கியம் தவறாமல் நிற்கும். அந்த வாய்ப்பு பல ஆண்டுகளாக வாய்ப்பாகவே இருந்துவருகிறது. காய்கறிச் சந்தையில் எவர் கையிலும் புரதப் பை இல்லை.

நிதிப் பற்றாக்குறையையும் தொழில்துறையின் அக்கறையின்மையையும் இதற்குக் காரணமாகச் சொல்வது வழக்கம். அவற்றிலும் உண்மை உண்டு. ஆயினும் குறை அதற்கும் முன்பே, கேள்வியிலேயே தொடங்குகிறது. புரதத்தைப் பாலிஎத்திலீன் போல ஆக்குவது எப்படி என்றே ஆய்வுலகம் கேட்டுக்கொண்டிருக்கிறது. புரதம் தன் இயல்போடு இருந்துகொண்டே எந்தப் பொருளுக்குப் பயன்படும், அந்தப் புரதம் மனிதரின் உணவையும் மாட்டின் தீவனத்தையும் குறைக்காமல் எங்கிருந்து கிடைக்கும் என்னும் இரண்டு கேள்விகளே முதலில் கேட்கப்பட வேண்டியவை.

வரலாறு இதற்கு நல்ல சான்று. 1941 ஆகஸ்டில் அமெரிக்காவின் டியர்போர்ன் நகரில் ஹென்றி ஃபோர்டின் நிறுவனம் நெகிழித் தகடுகளால் உடல் அமைந்த கார் ஒன்றைக் காட்சிக்கு வைத்தது. உலகம் அதைச் சோயா கார் என்றே நினைவில் வைத்திருக்கிறது. அத்தகடுகளின் முழுச் செய்முறை இன்று கிடைக்கவில்லை. அதை உருவாக்கியவர்களுள் ஒருவரான லோவெல் ஓவர்லியின் கூற்றுப்படி, சோயா நாரை ஃபீனால் பிசினில் ஊறவைத்து ஃபார்மால்டிஹைடு சேர்த்து இறுக்கியதே அத்தகடு. அப்படியானால் காரைத் தாங்கியதில் பெரும்பங்கு பிசினுக்கே உரியது. பிரிட்டனில் ஐசிஐ நிறுவனம் நிலக்கடலைப் புரதத்திலிருந்து ஆர்டில் என்னும் இழையை நூற்றது. ஸ்காட்லாந்தின் டம்ஃப்ரீஸ் நகரில் 1951இல் அதற்கென ஆலை திறக்கப்பட்டது. அவ்விழைக்கு அடிப்படையான ஆய்வில் பங்கேற்ற லீட்ஸ் பல்கலைக்கழக இயற்பியலாளர் வில்லியம் ஆஸ்ட்பரிக்கு அதில் நெய்த மேலங்கி ஒன்று கிடைத்தது. ஆறே ஆண்டுகளில், 1957இல், ஆர்டில் உற்பத்தி நின்றது. மக்காச்சோளப் புரதமான ஜீனிலிருந்து அமெரிக்காவில் நூற்ற விகாரா என்னும் இழையும் 1948இல் தொடங்கி அதே காலத்தில் முடிவுக்கு வந்தது. இவ்விழைகள் நனைந்தால் வலுவிழந்தன. நனைந்தாலும் தளராத நைலானும் பாலியெஸ்டரும் சந்தையைப் பிடித்துக்கொண்டன.

நனைந்தால் தளர்வது புரதத்தின் உடன்பிறந்த குணம். விதைக்குள் சுருண்டு மடிந்திருக்கும் புரதச் சங்கிலிகள் வெப்பத்தாலோ காரத்தாலோ விரிகின்றன. உலரும்போது அவை ஒன்றோடொன்று புதிதாகப் பிணைந்துகொள்கின்றன. அப்பிணைப்புகளுள் பெரும்பாலானவை நீர் புகுந்தால் நெகிழ்பவை. உளுந்து மாவை மெல்லியதாக இட்டு உலர்த்திய அப்பளத்தை அறிந்தவர்களுக்கு இதை விரித்துச் சொல்ல வேண்டியதில்லை. காய்ந்தால் நொறுங்கும், காற்றுப் பட்டால் நமுக்கும். நொறுங்காதிருக்கக் கிளிசராலைச் சேர்த்தால், அதுவே காற்றிலிருந்து இன்னும் கூடுதலாக ஈரத்தை இழுக்கிறது. இவ்வாறு கிடைக்கும் சோயாப் படலத்தின் இழுவலிமை பெரும்பாலும் சில மெகாபாஸ்கல் அளவிலேயே நிற்கிறது. குறையடர்த்திப் பாலிஎத்திலீன் நீரை உறிஞ்சுவதேயில்லை என்று சொல்லிவிடலாம். புரதப் படலமோ நீரில் இட்டால் தன் எடையில் பாதிக்கு மேலும் உறிஞ்சிக்கொள்ளும்.

இதைக் குறையாக மட்டும் காண்பதிலிருந்துதான் ஆய்வு திசை மாறுகிறது. மண்ணின் நுண்ணுயிர்கள் புரதத்தை உண்பதற்கு முதலில் நீர் உள்ளே புக வேண்டும். நொதிகள் பிணைப்புகளை அணுக வேண்டும். புரத நெகிழி மக்குவதற்குக் காரணமான அதே வாயில்தான் அது நனைந்து தளர்வதற்கும் காரணம். ஃபார்மால்டிஹைடு, குளூட்டரால்டிஹைடு போன்றவற்றால் குறுக்குப் பிணைப்பிட்டு அவ்வாயிலை அடைத்தால் படலம் உறுதிப்படும். அடைப்பு இறுக இறுக மக்குவதும் தாமதமாகும், நச்சுப் பற்றிய ஐயமும் கூடும். பாலிஎத்திலீனுடன் கலந்தால் புரதம் மட்டும் தின்னப்பட்டு எஞ்சியது துணுக்குகளாக மண்ணில் கிடக்கும். ஸ்டார்ச்சைப் பாலிஎத்திலீனில் கலந்து 1980களில் விற்கப்பட்ட பைகள் இப்பாடத்தை முன்பே கற்பித்துவிட்டன. நீரை முற்றிலும் விலக்கவும் வேண்டும், மண்ணில் விரைந்து மக்கவும் வேண்டும் என்று ஒரே பொருளிடம் கேட்பது முரண். எந்தப் பொருளுக்கு எவ்வளவு காலம் ஈரத்தைத் தாங்கினால் போதும் என்று கேட்பது அறிவியல்.

அளவிடும் முறையிலும் இதே குழப்பம் நீடிக்கிறது. ஆய்வகங்களில் படலங்கள் பெரும்பாலும் 23 பாகை செல்சியஸ், 50 விழுக்காடு ஒப்பு ஈரப்பதத்தில் பதப்படுத்திய பின் இழுத்துப் பார்க்கப்படுகின்றன. நெகிழிச் சோதனைச் சூழலை வரையறுக்கும் ஐஎஸ்ஓ 291 தரநிலை, வெப்பமண்டல நாடுகளுக்கென 27 பாகை, 65 விழுக்காடு என்னும் இரண்டாவது சூழலையும் தருகிறது. பாலிஎத்திலீனைச் சோதிப்பவருக்கு இவ்விரண்டுக்குமிடையே பெரிய வேறுபாடு தெரியாது. புரதத்தைச் சோதிப்பவருக்கு அங்கேதான் முடிவே மாறும். மும்பையின் ஜூலையும் கொச்சியின் ஜூனும் 65 விழுக்காட்டோடு நிற்பவை அல்ல. மழைக்காலக் காற்றில் படலம் எப்படி நடந்துகொள்ளும் என்பதைச் சொல்லாத அட்டவணை, இந்தியப் பயன்பாடு பற்றி எதையும் சொல்லாத அட்டவணையே.

மண்ணில் புதைக்கும் சோதனையில் பிழை இன்னும் நுட்பமானது. எடையில் 30 விழுக்காடு கிளிசரால் உள்ள படலத்தை ஈர மண்ணில் புதைத்தால், அந்தக் கிளிசராலின் பெரும்பகுதி முதல் சில நாட்களிலேயே நீரில் கரைந்து வெளியேறிவிடும். எடை குறைந்திருக்கும், புரதம் அப்படியே இருக்கும். எடையிழப்பு விழுக்காட்டை மட்டும் வரைபடமாக்கி, படலம் மக்கிவிட்டது என்று எழுதுவது கரைதலையும் மக்குதலையும் ஒன்றாக்குவதாகும். மக்குதலுக்குச் சான்று, படலத்தின் கார்பன் கார்பன் டைஆக்சைடாக மாறிய அளவு. மண்ணில் அதை அளப்பதற்கு ஐஎஸ்ஓ 17556 இருக்கிறது. அதற்குப் பல மாதங்கள் ஆகும், பொறுமையும் ஆகும். மூன்று மாதத்தில் கட்டுரை அனுப்ப வேண்டிய மாணவர் தராசை எடுப்பதில் வியப்பில்லை. தவறு மாணவருடையது மட்டுமன்று. அவரிடம் கட்டுரை எண்ணிக்கையைக் கேட்கும் அமைப்பும் அதில் பங்குடையது.

அடுத்தது மூலப்பொருள். புரத நெகிழிக் கட்டுரைகளில் எண்ணெய் எடுத்தபின் எஞ்சும் பிண்ணாக்கைக் குறிக்க வேளாண் கழிவு என்ற சொல் தாராளமாகப் புழங்குகிறது. இந்தியாவின் எந்தச் சிற்றூரிலும் மாடு வைத்திருப்பவரிடம் கடலைப் பிண்ணாக்கைக் கழிவு என்று சொன்னால் அவர் சிரிப்பார். அதன் விலை அவருக்குத் தெரியும். எள்ளுப் பிண்ணாக்கும் பருத்திக்கொட்டைப் பிண்ணாக்கும் கறவை மாட்டின் தீவனம். சோயாப் பிண்ணாக்கு கோழித் தீவனத்தின் முதுகெலும்பு. மைசூரிலுள்ள மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையம் எண்ணெய் நீக்கிய நிலக்கடலை மாவோடு கொண்டைக்கடலை மாவைச் சேர்த்துப் பல்நோக்கு உணவு என்ற புரத உணவையும், நிலக்கடலைப் புரதத்தைப் பாலோடு சேர்த்து மில்டோன் என்ற பானத்தையும் உருவாக்கியது. ஊட்டக் குறைவுள்ள குழந்தைகளுக்கு எட்டும் விலையில் புரதம் தருவது அம்முயற்சிகளின் நோக்கம். அதே புரதத்தை ஒருமுறை பயன்படுத்தி எறியும் பையாக்க வேண்டும் என்று வாதிடுபவர், குழந்தையின் தட்டுக்கும் குப்பைத் தொட்டிக்கும் இடையே எதைத் தேர்கிறோம் என்பதையும் சேர்த்து விளக்கக் கடமைப்பட்டவர்.

அறத்தை ஒதுக்கிவைத்துக் கணக்கை மட்டும் பார்த்தாலும் வாதம் நிற்காது. மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் அறிக்கைப்படி 2020-21இல் நாட்டில் உண்டான நெகிழிக் கழிவு சுமார் 41 லட்சம் டன். இந்தியாவின் சோயா விளைச்சலை ஆண்டுக்குச் சுமார் 120 லட்சம் டன் என்று கொள்வோம். எண்ணெய் போக எஞ்சுவது ஐந்தில் நான்கு பங்கு, ஏறத்தாழ 95 லட்சம் டன். அதில் பாதிக்குச் சற்றுக் குறைவாகப் புரதம் என்றால் 45 லட்சம் டன் ஆகிறது. மத்தியப் பிரதேசமும் மகாராஷ்டிரமும் விளைவிக்கும் சோயாப் புரதம் முழுவதையும் கோழிப் பண்ணைக்குக் கொடுக்காமல் நெகிழி ஆலைக்கு அனுப்பினாலும், ஓர் ஆண்டின் கழிவுக்கு ஈடான எடைதான் கிடைக்கும். பாலிஎத்திலீனுக்கு மாற்று என்னும் வாக்கியத்தின் பின்னே இந்தக் கணக்கு எங்கும் எழுதப்படுவதில்லை.

ஆனால் பிண்ணாக்கில் மற்றொரு வகையும் உண்டு. வேம்பு, புங்கம், இலுப்பை, ஆமணக்கு ஆகியவற்றின் பிண்ணாக்கை மாடு தின்னாது, தின்னவும் கூடாது. உழவர்கள் அவற்றை நெடுங்காலமாக உரமாக வயலில் இட்டுவருகிறார்கள். இவற்றுள் அளவில் பெரியது ஆமணக்கு. உலக ஆமணக்கு விளைச்சலில் பெரும்பங்கு இந்தியாவுடையது, அதிலும் பெரும்பங்கு குஜராத்துடையது. அண்மை ஆண்டுகளில் நாட்டின் விளைச்சல் 15 லட்சம் டன்னுக்குக் குறையவில்லை. விதையில் ஏறத்தாழ பாதி எண்ணெய், மீதி பிண்ணாக்கு. அதில் மூன்றில் ஒரு பங்கு புரதம். அது உள்நாட்டு வயல்களுக்கும், தென் கொரியா போன்ற நாடுகளுக்கும் உரமாகவே போகிறது. எப்படியும் மண்ணுக்குப் போகும் பொருள் அது. போகும் வழியில் ஒரு பருவம் பயனுள்ள வடிவில் இருந்துவிட்டுப் போகலாம் என்பதே இங்கு முன்வைக்கப்படும் கருத்து. இவ்வாறு செய்தால் யாருடைய உணவும் குறையாது, உரமும் வீணாகாது. பயணம் சில வாரங்கள் நீளும், அவ்வளவே.

அந்த வடிவம் நாற்றங்கால் தொட்டியாக இருப்பது பொருத்தம். வனத்துறை, தோட்டக்கலைத்துறை, தனியார் நாற்றங்கால் என நாடெங்கும் ஆண்டுதோறும் கோடிக்கணக்கான கன்றுகள் கறுப்புப் பாலிதீன் பைகளில் வளர்கின்றன. நடும் நாளில் அப்பை கிழிக்கப்பட்டுக் குழியோரத்தில் விழுகிறது, அல்லது அவசரத்தில் கிழிக்கப்படாமலே கன்றோடு புதைகிறது. அப்போது வேர் வெளியே செல்ல வழியின்றி உள்ளேயே சுருள்கிறது. இப்பைகளைத் திரும்பச் சேகரிப்பார் எவருமில்லை. மண்ணில் முடியப்போகும் பொருளை, மண்ணில் முடியாத பொருளால் செய்துவருவதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு கிடைப்பது அரிது.

புரதத்தின் குறைகள் இங்கே குணங்களாகின்றன. தொட்டி நிழலுக்குள் சில வாரங்கள், மிஞ்சினால் இரண்டு மூன்று மாதங்கள் நின்றால் போதும். அது நூறு விழுக்காடு நீளத் தேவையில்லை, மெல்லிய படலமாகவும் இருக்கத் தேவையில்லை. தடித்த சுவர் போதுமானது. 90 விழுக்காட்டுக்கு மேல் தூய்மையான புரதத்தைப் பிரித்தெடுக்கக் காரமும் அமிலமும் பெருமளவு நீரும் வேண்டும், பின்னர் அக்கழிவுநீரைச் சுத்திகரிக்கவும் வேண்டும். தொட்டிக்கு அது வேண்டியதில்லை. பிண்ணாக்கை அப்படியே அரைத்து, தென்னை நாரையோ உமியையோ சேர்த்துச் சூட்டில் அழுத்தினால், புரதம் பசையாகவும் நார் எலும்பாகவும் வேலை செய்யும். புரதத்தில் சுமார் 16 விழுக்காடு நைட்ரஜன். தொட்டி மக்கும்போது அது கன்றின் வேரருகிலேயே வெளிப்படும். பாலிஎத்திலீன் எவ்வளவு மலிவானாலும் தரமுடியாத பயன் இது.

அளவும் கைக்கு எட்டியதே. தொட்டி ஒன்றுக்கு 20 கிராம் என்றால் 100 கோடித் தொட்டிகளுக்கு 20,000 டன் போதும். சில லட்சம் டன் ஆமணக்குப் பிண்ணாக்கில் இது சிறு பங்கு. நாட்டின் நெகிழிச் சிக்கலைத் தீர்ப்பதாக இதைச் சொல்ல முடியாது. ஒரு வகைப் பொருளை அதன் இடத்திலிருந்து முழுமையாக நீக்க முடியும் என்று சொல்லலாம். ஆய்வுக்கு இத்தகைய அடக்கம் நன்மையே செய்யும்.

இதிலும் ஐயங்கள் உள்ளன, அவற்றை மறைக்கக் கூடாது. ஆமணக்கு விதையிலுள்ள ரைசின் கொடிய நச்சு. அதுவும் ஒரு புரதம் என்பதால் ஈர வெப்பத்தில் செயலிழக்கும். ஆனால் அழுத்தும் கருவியின் சூடு எல்லாத் தொட்டியிலும் அதை முற்றிலும் செயலிழக்கச் செய்ததா என்பதைச் சோதனையால் காட்ட வேண்டும். விதையிலுள்ள ஒவ்வாமைப் புரதமோ வெப்பத்துக்கும் எளிதில் அசையாதது. பிண்ணாக்கை அரைக்கும் கூடத்தில் அதன் தூசியைச் சுவாசிக்கும் தொழிலாளியின் நலம் வேதியியல் அட்டவணைக்கு வெளியே நிற்கும் விஷயமன்று. நைட்ரஜனும் அளவு மீறினால் தீங்கு. அமெரிக்காவின் அயோவா மாநிலப் பல்கலைக்கழகத்தில் சோயாப் புரதத் தொட்டிகளை ஆராய்ந்தவர்கள், புரதத்தைப் பாலிலாக்டிக் அமிலத்தோடு கலந்து உரம் வெளிப்படும் வேகத்தைக் கட்டுப்படுத்த முயன்றனர். இந்திய மண்ணில் பாலிலாக்டிக் அமிலம் எளிதில் மக்காது என்பதால் அந்த வழியை அப்படியே எடுத்துக்கொள்ள இயலாது. நார், உமி போன்ற கார்பன் மிகுந்த பொருட்களின் விகிதத்தால் அதே கட்டுப்பாட்டைப் பெற முடியுமா என்பது நல்லதோர் ஆய்வேட்டுக்குரிய கேள்வி.

தென்னை நார்த் தொட்டியும் சாணத் தொட்டியும் ஏற்கெனவே இருக்கையில் இது எதற்கு என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். அவை போதுமான இடத்தில் அவையே போதும். சாணத் தொட்டி நீரூற்ற ஊற்றக் கரைந்து உதிர்வதும், நார்த் தொட்டியைப் பிணைக்க வெளியிலிருந்து ஒரு பசை தேவைப்படுவதும் உண்டு. பிண்ணாக்குப் புரதம் அந்தப் பசையாக முடியும். புரதம் பசையாகி வென்ற வரலாறும் இருக்கிறது. அமெரிக்க ஒட்டுப்பலகை ஆலைகள் 1920களில் சோயாப் பசையைப் பயன்படுத்தின. பின்னர் ஃபார்மால்டிஹைடு பிசின்கள் அதை வெளியேற்றின. ஒரேகன் மாநிலப் பல்கலைக்கழகத்தின் கைச்சாங் லீ, நீரடியிலும் பாறையைப் பற்றும் சிப்பியின் ஒட்டும் புரதத்திலிருந்து தூண்டுதல் பெற்று, சோயாப் பசையை ஈரம் தாங்கும்படி மாற்றினார். 2005 வாக்கில் அது மீண்டும் ஆலைக்குள் நுழைந்தது. அது மக்கும் பொருளாகத் தன்னை அறிவித்துக்கொள்ளவில்லை. ஃபார்மால்டிஹைடு இல்லாத பசை எங்கே தேவையோ அங்கே சென்றது, அதனால் நிலைத்தது.

சட்டமும் இவ்விஷயத்தில் ஆய்வாளரின் கவனத்துக்குரியது. நெகிழிக் கழிவு மேலாண்மை விதிகள் 2016, அவற்றின் 2021 திருத்தம் ஆகியவற்றால், குறிப்பிட்ட ஒருமுறைப் பயன்பாட்டு நெகிழிப் பொருட்கள் 2022 ஜூலை 1 முதல் தடைசெய்யப்பட்டன. மக்கும் என்ற சொல்லுக்கு அதன்பின் சந்தையில் விலை ஏறியது. உரமாகும் நெகிழி நிறைவு செய்ய வேண்டிய ஐஎஸ்ஓ 17088, சுமார் 58 பாகை வெப்பமுள்ள தொழிற்கூட உரமாக்கலில் 180 நாட்களுக்குள் 90 விழுக்காடு கார்பன் மாற வேண்டும் என்கிறது. அந்த வெப்பம் உரக்கூடத்தில் உண்டு, ஏரிக்கரையிலும் சாக்கடையிலும் இல்லை. 2024 திருத்தம், மண், நன்னீர், கடல் போன்ற குறிப்பிட்ட சூழல்களில் நுண்நெகிழி எச்சமின்றி மக்குவதை மக்கும் நெகிழியின் வரையறைக்குள் வைத்தது. எந்தச் சூழலில், எவ்வளவு காலத்தில் என்று சொல்லாத மக்குதல் பொருளற்றது என்பதைச் சட்டமே ஏற்றுக்கொண்டுவிட்டது. ஆய்வுக் கட்டுரைகளின் முடிவுரைகளும் இனி அதை ஏற்க வேண்டும்.

அரசு நினைத்தால் சந்தையை உண்டாக்க முடியும் என்பதற்கும் எண்ணெய் வித்துலகிலேயே முன்னுதாரணம் உண்டு. 2015இல் உள்நாட்டு யூரியா முழுவதற்கும் வேப்பெண்ணெய் பூச வேண்டும் என்று மத்திய அரசு கட்டாயமாக்கியது. நாற்றங்கால் பைகளைப் பெருமளவில் வாங்குவோரும் அரசுத் துறைகளே. சில மாவட்டங்களின் வன நாற்றங்கால்களில் மக்கும் தொட்டியைக் கட்டாயமாக்கி, மண்ணில் மக்கும் கால அளவைக் கொள்முதல் நிபந்தனையாகச் சேர்த்தால், ஆலைகளும் ஆய்வகங்களும் தாமாகவே அந்தத் திசையில் திரும்பும்.

இவ்வளவுக்கும் நடுவில் முனைவர்பட்ட மாணவரின் நான்கைந்து ஆண்டுகள் இருக்கின்றன. அந்த ஆண்டுகள் இன்னொரு படலத்தின் இன்னோர் அட்டவணையாக முடிய வேண்டியதில்லை. புரதத்தைத் தேர்வதற்கு முன் அதை இப்போது உண்பவர் யார் என்று கேட்கும் ஆய்வேடு, மழைக்கால ஈரத்தில் இழுத்துப் பார்க்கும் ஆய்வேடு, தராசோடு நிற்காமல் கார்பனை அளக்கும் ஆய்வேடு, தோல்வியடைந்த கலவையையும் அட்டவணையில் வைக்கும் ஆய்வேடு ஆகியவையே இத்துறைக்கு இப்போது தேவை. அத்தகைய ஆய்வேட்டின் கடைசி வாக்கியத்தில் பாலிஎத்திலீன் என்ற சொல் இடம்பெற வேண்டிய அவசியமே இராது. இத்தொட்டி மழைக்காலத்தில் இத்தனை நாள் நின்றது, நட்ட பின் இத்தனை நாளில் வேர் அதன் சுவரைத் துளைத்து வெளியே வந்தது, அடுத்த பருவத்தில் தோண்டியபோது அங்கே தொட்டி இல்லை என்று எழுதினால் போதும்.